கொம்பும் காலும்

ஒத்தக்கடையில், கோர்ட்டுக்குத் திரும்பும் சாலையில்
வரிசையாக ஏழு தட்டச்சுக் கடைகள்; நாலாவது என்னுடையது.
ஜன்னலைத் திறந்தால் யானைமலையின் முதுகு,
மூடினால் ஏசி.

பிழை சிறியதுதான்.
திரையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் பெயர்
பிடிஎஃப் ஆனதும் எழுந்து நடக்கும்.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவே மெய் மட்டும் திகைத்து நிற்கும்.
கொட்டாம்பட்டி மொக்கைச்சாமி
மெ ாக்கைச்சாமி ஆனார்.
ஆதாரில் இருக்கும் ஆள் இவரில்லை என்று
மனு திரும்பி வந்தது. வாய்தா போனது.
அவர் திட்டவில்லை.
"எம் பேரு அம்புட்டு கஷ்டமாம்மா?" என்றுதான் கேட்டார்.

மென்பொருள் இலவசம்; உள்ளே போக யாரும் தடுக்கவில்லை.
பூட்டில்லாத வீட்டில் சுவிட்ச் எங்கே என்று தெரியாமல்
மூன்று மாதம் தடவினேன்.
பக்கத்துக் கடை சிக்கந்தர் (பிசிஏ, இரண்டு அரியர்)
கடை சாத்திய பிறகு டீயோடு வருவான்.
ஒரு நகல் எடுத்துக்கொண்டோம்,
தண்டிலிருந்து கவட்டையாகப் பிரிந்த ஒன்று.
அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.
பென்டிரைவில் ஏழு கடைக்கும் போனது,
மேலூர் போனது,
திருமங்கலத்தில் யாரோ
இருநூறு ரூபாய்க்கு விற்றதாகக் கேள்வி.

ஆனால் மூலம் நிற்பதில்லை, வளர்கிறது.
ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு.
ஒவ்வொரு முறையும் என் தையல்களைப் பிரித்து
புது உடம்புக்கு அளவெடுத்துத் தைப்பேன்.
நாற்பத்தொரு தையல்.
ஒருமுறை ஒன்றை மறந்தேன்;
அந்த வாரம் மேலூரில்
பதினொரு பத்திரங்களில் இணைக்கொம்பு இல்லை.

கடைமடையில் அடைப்பெடுத்தே ஆயுசு போகிறது,
தலைமடைக்குச் சொல்லி அனுப்பலாம் என்றேன்.
"தண்ணி மேல ஏறாதுக்கா.
திருத்தம் ஏறுதான்னு பார்ப்போம்" என்றான் சிக்கந்தர்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினேன்.
மூலத்தைப் பராமரிப்பவர் பெயர் இல்ஸே.
எந்த ஊரோ. நான் ஷட்டர் இறக்கும்போது அவர் விழிப்பார்.
பதில் மூன்று வரி:
மூட்டையைப் பிரியுங்கள்.
ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்.
நிரூபிக்க ஒரு சோதனைக் கோப்பு வையுங்கள்.

வக்கீல் குமாஸ்தாவிடம்கூட வராத கோபம் வந்தது.
பிறகு பிரிக்க உட்கார்ந்தேன்.
பதினேழாவதில் கை நின்றது.
அவசரமான ஒரு ராத்திரியில்
ஊர்ப் பெயர்களைப் பட்டியலாக உள்ளே அடித்திருந்தேன்.
கொடிக்குளம், கொட்டாம்பட்டி என்று முப்பது ஊர்.
பட்டியலில் இருந்தால் சரியாக எழுது.
எங்கள் தாலுகாவைத் தாண்டினால்
தமிழே கிடையாது என்பதுபோல.
சிக்கந்தர் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் டீ கிளாஸைக் கழுவப் போனான்.

அழித்தேன். அடியில் கிடந்தது அசல் பிழை:
கொம்பை எண்ணும் இடத்தில் ஒன்று குறைவாக
யாரோ எண்ணிவிட்டார்கள். ஒரே வரி.
மூன்று வருடமாக அதன் மேல்தான்
பட்டியலை விரித்துப் படுத்திருக்கிறேன்.

சோதனைக் கோப்பில் யார் பெயரைப் போட?
யோசிக்கவே இல்லை.
கொம்பு, கால், இணைக்கொம்பு எல்லாம் ஒரே ஆளிடம்.
கேட்டேன். "போட்டுக்க, வட்டியா கேக்கப் போறாக?" என்றார்.

ஒவ்வொன்றாக முப்பத்தாறு ஏறின.
மூன்றை வேண்டாம் என்றார் இல்ஸே;
அதில் ஒன்றில் எனக்கு இன்னும் சம்மதமில்லை.
பதினேழாவதை நானே கொன்றேன்.
மிச்சம் ஒன்று வாய்தாவில் கிடக்கிறது.

இப்போது தினமும் ராத்திரி
நான் பார்க்காத ஊர்களின் ஆளில்லாத அறைகளில்
இயந்திரங்கள் அவர் பெயரை எழுதிப் பார்க்கின்றன.
எழுத்துக் கலைந்தால் வெளியீடு நிற்கும்.

நேற்று வந்தார், அடுத்த மனுவுக்கு.
எங்கள் நகலைத் திறக்கவில்லை;
ஊரெல்லாம் இறக்கிக்கொள்ளும் பதிப்பிலேயே அடித்தேன்.
பெயரின் மேல் விரலை வைத்து
எழுத்தெழுத்தாக நகர்த்தினார்,
'மேற்கண்டவை யாவும் மெய்' வரைக்கும்.
ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார்.
பத்து ரூபாய் சில்லறை இல்லை.
அடுத்த வாய்தாவில் தருகிறேன் என்றேன்.